4 கிகாஹெர்ட்ஸ் லேப்டாப் 1.7-இல் ஓடியது ஏன்? பிரித்து, துடைத்து, அளந்து பார்த்த பதிவு

என் தம்பி கணக்கு ஆசிரியர். வகுப்பில் பதிவு செய்த வீடியோக்களை அளவு குறைத்து மாணவர்களுக்கு அனுப்புவான். அந்த வேலை இத்தனை நாளும் என் பழைய டெஸ்க்டாப்பில்தான் நடந்தது. ஐந்தாறு வருடம் ஓடிய லேப்டாப் ஒன்று அவன் கைக்கு வந்ததும், இனி அதிலேயே செய்துகொள்கிறேன் என்றான். இரண்டு வாரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்து நின்றான்.

"அக்கா, இதுல ஏதோ கோளாறு. உன் டெஸ்க்டாப் 3.6 கிகாஹெர்ட்ஸ், இது 4. ஆனா அதுல இருபத்தஞ்சு நிமிஷத்துல முடியறது இதுல நாப்பது நிமிஷம் ஆகுது. ஃபேன் வேற கத்திக்கிட்டே இருக்கு."

வைரஸ், விண்டோஸ், டிஸ்க் என்று அவன் ஏற்கெனவே எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, விண்டோஸைப் புதிதாகவே நிறுவிப் பார்த்துவிட்டான். மாற்றம் இல்லை. எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. கிளாக் ஸ்பீடை (பிராசசர் வினாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற கிகாஹெர்ட்ஸ் கணக்கு) வைத்துக் கணினியை எடைபோடும் எல்லோருக்கும் ஒரு நாள் வருகிற கேள்வி இது. ஒரு வார இறுதியை இதற்கென்றே ஒதுக்கினேன்.

இரண்டு இயந்திரங்களும் என்னென்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-6500 பிராசசர், 2015-இல் வந்தது. நான்கு கோர், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் நான்கு பகுதிகள். அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், டர்போ (நிலைமை இடம் கொடுத்தால் எட்டும் உச்ச வேகம்) 3.6, மின் வரம்பு 65 வாட். லேப்டாப்பில் கோர் ஐ7-8550யு, 2017-இல் வந்தது. அதுவும் நான்கு கோர்தான், ஆனால் ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓட்டங்களைக் கவனிக்கும் வசதி) இருப்பதால் எட்டு த்ரெட். அடிப்படை வேகம் 1.8, டர்போ 4.0, மின் வரம்பு 15 வாட். தம்பி சொன்ன 3.6, 4 இரண்டுமே டர்போ எண்கள். அடிப்படை வேகத்தை அவன் கவனித்திருக்கவில்லை. 65, 15 என்ற வாட் கணக்கைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த ஜோடி ஒப்பிடுவதற்கு நல்ல வசதியாக அமைந்தது. இரண்டும் 14 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் வந்தவை. பெயரிலும் தலைமுறை எண்ணிலும் வேறுபட்டாலும், உள்ளே இருக்கும் கோரின் வடிவமைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. டெஸ்க்டாப் பிராசசரின் தலைமுறையான ஸ்கைலேக்கில் வந்த அதே கோர்தான் இரண்டு தலைமுறை கழித்தும் தொடர்ந்தது. ஆக, ஒரு கிளாக் துடிப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்யும். அப்படி இருந்தால்தான் கிகாஹெர்ட்ஸை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியும். வடிவமைப்பு வேறு வேறு என்றால் அந்த ஒப்பீடு செல்லாது. 2003-இல் வந்த பென்டியம் எம் 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடியபடியே, 2 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய பென்டியம் 4-களோடு பல வேலைகளில் சரிக்குச் சரி நின்றது. ஒரு துடிப்பில் அது அதிகம் செய்து முடித்தது, அவ்வளவுதான்.

அளந்த விதம்

ஒரே வீடியோ: 40 நிமிடம், 1080பி. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எக்ஸ்264 சுருக்கி, மீடியம் ப்ரீசெட், இரண்டு கணினியிலும் ஒரே அமைப்பு. லேப்டாப் எப்போதும் சார்ஜரில். ஒவ்வொரு ஓட்டத்திற்கும் முன்னால் கால் மணி நேரம் சும்மா விட்டு ஆறவைத்தேன். அறை வெப்பம் 28-லிருந்து 30 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தது. கணினியின் உள் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து, வேகம், வெப்பம், வோல்டேஜ், பேக்கேஜ் பவர் (பிராசசர் மொத்தமாக இழுக்கும் வாட்) நான்கையும் இரண்டு வினாடிக்கு ஒரு முறை கோப்பில் எழுதவைத்தேன்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த மென்பொருள் 'கோர் கிளாக்', 'எஃபெக்டிவ் கிளாக்' என்று இரண்டு காட்டும். முதலாவது, கோர் விழித்திருக்கும் கணத்தில் என்ன வேகம் என்பது. இரண்டாவது, தூங்கிய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. சும்மா இருக்கும் கணினியில் முதலாவது 3.9 என்று காட்டும்போது இரண்டாவது 0.05-இல் இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். முழு வேலையில் இரண்டும் ஒன்றாகிவிடும், ஆனாலும் நான் இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் டெஸ்க்டாப். வேலை தொடங்கியதும் நான்கு கோரும் 3.3-க்கு ஏறின. கடைசி வரை 3.3-ஐ விட்டு இறங்கவே இல்லை. பவர் 46 வாட், வெப்பம் 61 டிகிரி, நேரம் 24 நிமிடம் 10 வினாடி. அந்த வரைபடத்தில் மேடு பள்ளமே இல்லை, நேர்கோடு. பெட்டியில் எழுதியிருந்த 3.6 இங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது ஒரே ஒரு கோர் ஓடும்போது கிடைக்கும் எண். நான்கும் சேர்ந்து ஓடினால் 3.3.

அடுத்து லேப்டாப். தொடங்கியதும் நான்கு கோரும் 3.7-க்குப் பாய்ந்தன. அந்தக் கணத்தில் தம்பி சொன்னது சரி, அது டெஸ்க்டாப்பை விட வேகமான கணினிதான். ஆறே வினாடியில் வெப்பம் 97 டிகிரி. வேகம் 2.6-க்கு விழுந்தது. பிறகு 2.2, 1.9. இரண்டாவது நிமிடம் முடிவதற்குள் 1.7-க்கு வந்து, மீதி நேரம் முழுக்க அங்கேயே கிடந்தது. வெப்பம் 97-ஐ விட்டு நகரவில்லை. பவர் 10 வாட்தான். நேரம் 38 நிமிடம்.

இங்கே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 1.7 என்ற எண். அடிப்படை வேகம் என்று உறுதி சொல்லப்பட்டது 1.8. அதற்கும் கீழே போயிருக்கிறது. 15 வாட் எடுத்துக்கொள்ள அனுமதி இருந்தும் 10-க்கு மேல் எடுக்க முடியவில்லை. அப்படியென்றால் தடை மின்சாரத்தில் இல்லை, வெப்பம் வெளியேற வழி இல்லை என்று அர்த்தம். பிரிக்க வேண்டியதுதான்.

உள்ளே

கீழ் மூடியில் பத்துத் திருகாணிகள். எட்டு வெளியே தெரிந்தன. மற்ற இரண்டும் பின்பக்க ரப்பர் பட்டையின் அடியில் ஒளிந்திருந்தன. எல்லாத் திருகாணியையும் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், ரப்பருக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள். விளிம்புக் கொக்கிகளை விடுவிக்க மெல்லிய பிளாஸ்டிக் துண்டு போதும். உலோகம் வைத்தால் மூடி கீறும், சில நேரம் உள்ளே இருக்கும் ஒயரையும் கிழிக்கும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் வேறு எதையும் தொடக்கூடாது.

ஃபேன் இறக்கைகளில் தூசி அதிகம் இல்லை. ஊதினால் போய்விடும் அளவுதான். உண்மையான அடைப்பு ஃபேனுக்கும் வெப்பத்தை வெளியேற்றும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் இருந்தது. தகடுகளின் முகத்தில் கம்பளித் துணி போல ஒரே தூசிப் படலம், ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தடிமன். வெளியே உள்ள காற்றுத் துளை வழியாகப் பார்த்தாலும், கீழிருந்து ஊதினாலும் இது தெரியாது. ஊதினால் இன்னும் இறுகத்தான் செய்யும். ஃபேனின் மூன்று திருகாணிகளைக் கழற்றி அதைத் தூக்கினால்தான் இந்தப் படலம் கண்ணுக்குப் படும். இடுக்கியால் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக வந்தது. பிறகு மென்மையான தூரிகையால் தகடுகளைச் சுத்தம் செய்தேன். காற்று அடிக்கும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

பிராசசரின் வெப்பத்தை வாங்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் நான்கு திருகாணிகளுக்கும் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருந்தார்கள். மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ் வரிசை. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். லேப்டாப் பிராசசரில் உலோக மூடி கிடையாது, சிலிக்கான் துண்டு வெறுமனே தெரியும். டெஸ்க்டாப்பில் அதன் மேல் தடித்த உலோகத் தொப்பி இருப்பதால் அவ்வளவு பயம் வேண்டாம். இங்கே ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் ஏறினால் சிலிக்கான் விளிம்பு உடைந்துவிடும்.

சிலிக்கானுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. சிலிக்கானின் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, ஓரங்களில்தான் பிதுங்கி நின்றது. சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, மறுபடி சூடாகி, இப்படி வருடக்கணக்கில் நடக்கும்போது பேஸ்ட் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டுவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் பளபளப்பு வரும்வரை துடைத்தேன். புதுப் பேஸ்ட் கொஞ்சம் கெட்டியான வகை. தண்ணீர் போல இளகும் வகை இந்த வெறும் சிலிக்கானில் சீக்கிரம் வெளியேறிவிடும். டெஸ்க்டாப்பில் நடுவில் ஒரு பொட்டு வைத்து அழுத்தினால் போதும், தொப்பி வெப்பத்தைப் பரப்பிக்கொள்ளும். இங்கே மூலை வரை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். பேஸ்ட் படாத மூலைக்கு அடியில் ஒரு கோர் இருக்கலாம்.

இந்தப் போர்டில் பிராசசர் பேக்கேஜின் மேல் இரண்டு சிலிக்கான் துண்டுகள் இருந்தன. பெரியது பிராசசர், சின்னது மற்ற இணைப்புகளைக் கவனிக்கும் சிப்செட். ஹீட்சிங்க் பெரியதை மட்டுமே தொடுகிறது. சின்னதன் மேல் ஏற்கெனவே எதுவும் இல்லை, நானும் தடவவில்லை.

0.4 கிகாஹெர்ட்ஸ்

எல்லாவற்றையும் மாட்டி, மேசையில் இருந்த இன்னொரு சார்ஜரைச் சொருகி, கணினியை இயக்கினேன். விண்டோஸ் வர மூன்று நிமிடம். மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்ந்தது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பம் 41 டிகிரி, வேகம் 0.4 கிகாஹெர்ட்ஸ். நான்கு கோரும் 0.4-இல் ஆணி அடித்தது போல.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. சிலிக்கானை உடைத்துவிட்டோமோ, பேஸ்ட் எங்காவது வழிந்து ஷார்ட் ஆகிவிட்டதோ என்று மறுபடி பிரித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. மூடிவிட்டு, பிராசசரின் வரம்புகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: 'பிடி ப்ரோசாட்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தது. பிராசசருக்கு வெளியே இருந்து, போர்டின் வேறு ஏதோ ஒரு பகுதி, 'உடனே வேகத்தைக் குறை' என்று பிராசசருக்கு உத்தரவு போடுகிறது என்று அதற்குப் பொருள். பிராசசர் சூடாகவே இல்லாவிட்டாலும் அந்த உத்தரவு வந்தால் மிகக் குறைந்த வேகத்துக்குப் போய்விடும். இந்தச் சிப்பில் அது 400 மெகாஹெர்ட்ஸ்.

உத்தரவு போட்டது சார்ஜர் பகுதி. இந்த லேப்டாப் கேட்பது 65 வாட் சார்ஜர். நான் சொருகியது அதே முனை கொண்ட 45 வாட். லேப்டாப் அதை ஏற்கவில்லை. தம்பி கொண்டுவந்த சார்ஜரை மாற்றிச் சொருகியதும் விளக்கு அணைந்தது, வேகம் அந்த வினாடியே ஏறியது. திடீரென்று நத்தை போல ஊரும் லேப்டாப் ஒன்று உங்கள் கையில் இருந்து, வெப்பமும் குறைவாகவே இருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் சார்ஜரைப் பாருங்கள். முனையின் நடுவில் மெல்லிய ஊசி இருக்கும் வகைகளில் அந்த ஊசி வளைந்தாலும் இதே கதைதான். அந்த ஊசி வழியாகத்தான் சார்ஜர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்கிறது.

துடைத்த பிறகு

அதே வீடியோ, அதே அமைப்பு. தொடக்கத்தில் 3.7, பவர் 38 வாட், வெப்பம் மளமளவென்று 93 வரை ஏறியது. பன்னிரண்டு, பதின்மூன்று வினாடியில் வேகம் 2.4-க்கு இறங்கியது. பவர் சரியாக 15.0 வாட். வெப்பம் இறங்கி 76-இல் நின்றது. அதன் பிறகு டெஸ்க்டாப் போலவே நேர்கோடு. 26 நிமிடம் 30 வினாடி. 38 நிமிடம் எடுத்த வேலை இது. தூசியும் காய்ந்த பேஸ்டும் மட்டும் பதினொரு நிமிடத்துக்கு மேல் விழுங்கியிருக்கின்றன.

தம்பிக்குச் சந்தோஷம், ஆனால் கேள்வி ஓயவில்லை. "76 டிகிரிதானே இருக்கு? இன்னும் 20 டிகிரி இடம் இருக்கு. அப்புறம் ஏன் 2.4-ல நிக்குது?"

சரியான கேள்வி. இப்போது தடை வெப்பம் இல்லை, மின் வரம்பு. இன்டெல் பிராசசர்களில் இரண்டு வரம்புகள் உண்டு. பிஎல்1 என்பது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கக்கூடிய அளவு, இங்கே 15 வாட். பிஎல்2 என்பது சிறிது நேரத்துக்கு மட்டும், இந்த லேப்டாப்பில் 44 வாட். அந்தச் 'சிறிது நேரம்' 28 வினாடி என்று அமைத்திருந்தார்கள். ஆனால் அது ஸ்டாப்வாட்ச் போல எண்ணும் 28 இல்லை. கடந்த சில நேரத்தின் சராசரிப் பவர் 15-ஐத் தொடுகிறதா என்றுதான் பிராசசர் பார்க்கிறது. 38 வாட் இழுத்தால் சராசரி வேகமாக ஏறிவிடும், அதனால்தான் பன்னிரண்டு வினாடியிலேயே கதவு மூடியது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி வேலை கொடுத்தால் மறுபடி 3.7 கிடைக்கும். வலைப்பக்கம் திறப்பது, கோப்பு திறப்பது, படம் ஒன்றைச் சேமிப்பது எல்லாம் அந்தப் பன்னிரண்டு வினாடிக்குள் முடிந்துவிடும் வேலைகள். அவற்றில் இந்த லேப்டாப் என் டெஸ்க்டாப்பை விட வேகம், அளந்தும் பார்த்தேன். சின்னச் சோதனை மென்பொருள்களை ஒரே ஒரு முறை ஓட்டி மதிப்பெண் பார்ப்பதில் உள்ள சிக்கலும் இதுதான். முதல் ஓட்டத்தின் மதிப்பெண் அந்தப் பன்னிரண்டு வினாடியின் மதிப்பெண்.

வேகம் 2.4-லிருந்து 3.7 என்றால் ஒன்றரை மடங்குதான். பவர் மட்டும் ஏன் 15-லிருந்து 38-க்குப் போகிறது? நான் பதிவு செய்த வோல்டேஜிலேயே விடை இருந்தது. 2.4-இல் 0.80 வோல்ட். 3.7-இல் 1.08 வோல்ட். சிப்பின் மின்செலவு வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகம் 1.54 மடங்கு. வோல்டேஜ் 1.35 மடங்கு, அதன் வர்க்கம் 1.82. பெருக்கினால் 2.8. பதினைந்தை 2.8-ஆல் பெருக்கினால் 42. நான் பார்த்தது 38, ஏனென்றால் அந்தப் பதினைந்தில் ஒரு பகுதி கோரின் வேகத்தோடு சேர்ந்து மாறாத பாகங்களுடையது. தம்பியைக் காகிதத்தில் இந்தக் கணக்கைப் போடச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அடுத்த வாரமே வகுப்பில் இதை ஒரு கணக்காகக் கொடுக்கப் போவதாகச் சொன்னான்.

இந்த வர்க்கம்தான் கிகாஹெர்ட்ஸ் பந்தயத்தையே நிறுத்தியது. 1981-இல் ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் வந்தது. 2000-இல் 1 கிகாஹெர்ட்ஸ், அதாவது பத்தொன்பது வருடத்தில் இருநூறு மடங்கு. 2004-இல் பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ இன்டெல் கைவிட்டது. அதன் பிறகு 6 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சடித்து டெஸ்க்டாப் பிராசசர் ஒன்று வர 2023 ஆனது. டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க வோல்டேஜும் இறங்கிக்கொண்டே வந்த காலம் 2005 வாக்கில் முடிந்துபோனதுதான் காரணம்.

எடுபடாமல் போன இரண்டு முயற்சிகள்

வோல்டேஜின் வர்க்கம்தான் செலவு என்றால், வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால் அதே 15 வாட்டில் அதிக வேகம் கிடைக்குமே? கிடைக்கும். அண்டர்வோல்ட் செய்வது என்பார்கள். ஆனால் த்ராட்டில்ஸ்டாப்பில் அந்தப் பகுதி பூட்டிக் கிடந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தது. மென்பொருள் வழியாக வோல்டேஜைக் குறைத்து, பிராசசரின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் கணக்கைத் தவறவைத்து, ரகசியத்தை வெளியே எடுக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்கள் பலவற்றில் இந்த வசதி பூட்டப்பட்டது. பழைய பயாஸுக்கு இறங்கினால் திறக்கலாம்தான். மாணவர் விவரங்கள் இருக்கும் கணினியில் பாதுகாப்பு அப்டேட்டைப் பின்வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது ரேம். லேப்டாப்பில் 8 ஜிபி ஒரே துண்டாக இருந்தது, இன்னொரு இடம் காலி. இன்னொரு 8 ஜிபி போட்டேன். இரண்டு வழியில் ஓடுவதால் உள் கிராபிக்ஸுக்கு நல்ல பலன் தெரிந்தது, ஆனால் எங்கள் வீடியோ வேலையில் 40 வினாடிதான் குறைந்தது. 25 நிமிடம் 50 வினாடி. இது கோரில் மாட்டிக்கொண்டிருக்கும் வேலை, நினைவகத்தில் அல்ல.

15-ஐ 20 ஆக்கியது

இந்தப் பிராசசருக்கு இன்டெலே 25 வாட் வரை ஏற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. குளிர்விக்க முடிந்தால் லேப்டாப் செய்பவர் அப்படி அமைத்துக்கொள்ளலாம். மெல்லிய உடல், கை வைக்கும் இடம் சுடக்கூடாது என்பதால் இங்கே 15-இல் வைத்திருக்கிறார்கள். த்ராட்டில்ஸ்டாப்பில் பிஎல்1-ஐ 25 ஆக மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை, அதே 15. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் பிடிபட்டது. இந்த வரம்பு பிராசசருக்குள் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மென்பொருள் ஒன்றை மாற்றுகிறது, போர்டு மற்றொன்றில் 15-ஐ வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டில் எது குறைவோ அதுதான் நடக்கும். த்ராட்டில்ஸ்டாப்பிலேயே இரண்டாவது இடத்தையும் ஒத்துப்போகச் செய்யும் தேர்வு இருக்கிறது, அதையும் போட்டதும் வேலை செய்தது.

25-இல் வெப்பம் 95-ஐத் தொட்டது, வேகம் நிலையாக நிற்காமல் ஆடியது, ஃபேன் உச்சத்தில் இரைந்தது. விசைப்பலகையின் நடுப்பகுதியில் விரல் வைக்க முடியவில்லை. 20-க்கு இறக்கினேன். 2.75 கிகாஹெர்ட்ஸ், 87 டிகிரி, நேர்கோடு. 22 நிமிடம் 40 வினாடி.

டெஸ்க்டாப் 24:10. லேப்டாப் முந்திவிட்டது. 2.75-இல் ஓடும் நான்கு கோர், 3.3-இல் ஓடும் நான்கு கோரை முந்துகிறது. காரணம் ஹைப்பர்த்ரெடிங். இந்த வகை வேலையில் அது கால் பங்குக்குப் பக்கத்தில் கூடுதல் வேலையை வாங்கிக்கொடுக்கிறது என்று என் எண்களிலிருந்து தெரிகிறது. ஹைப்பர்த்ரெடிங் பயன்படாத வேலையாக இருந்தால் டெஸ்க்டாப் ஜெயித்திருக்கும்.

பிறகு வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், அதுதான் எனக்கு இந்த முழு வேலையிலும் மிகவும் பிடித்தது. டெஸ்க்டாப் பிராசசர் 46 வாட், 24 நிமிடம் 10 வினாடி: சுமார் 18.5 வாட்-மணி. லேப்டாப் 20 வாட், 22 நிமிடம் 40 வினாடி: சுமார் 7.6. பழைய 15 வாட்டிலேயே விட்டிருந்தால் 6.5 தான். மூன்று நிமிடம் அதிகம் காத்திருந்தால் டெஸ்க்டாப் செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்கில் அதே வீடியோ தயார். இவை பிராசசர் தானே கணக்கிட்டுச் சொல்லும் எண்கள், திரையும் மற்ற பாகங்களும் சேரவில்லை, அதனால் சுவரில் உள்ள மீட்டரோடு ஒப்பிடாதீர்கள். ஆனால் விகிதம் தெளிவாக இருக்கிறது. லேப்டாப் பிராசசர்களை வடிவமைப்பவர்கள் குறைந்த வேகம், குறைந்த வோல்டேஜ் என்ற அந்தச் சரிவில் எவ்வளவு கவனமாக இடம் பிடித்திருக்கிறார்கள் என்று இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாள் பெயரில் 'யு' வரும் இந்தக் குறைந்த வாட் லேப்டாப் பிராசசர்களைக் கொஞ்சம் தாழ்வாகவே நினைத்திருந்தேன், அது தவறு.

ஒரு வித்தியாசத்தை மட்டும் எந்தப் பேஸ்டாலும் மாற்ற முடியாது. டெஸ்க்டாப்புக்கு 65 வாட் அனுமதி, அதற்குத் தேவைப்பட்டது 46. வரம்புக்குக் கீழே 19 வாட் சும்மா கிடக்கிறது. லேப்டாப்புக்குத் தேவை 38, அனுமதி 15. இப்படிப்பட்ட டெஸ்க்டாப்பில் டர்போ எண்ணுக்குப் பக்கத்து வேகம் நாள் முழுக்கக் கிடைக்கும். லேப்டாப்பில் அது சில வினாடி. யாராவது என்னிடம் லேப்டாப் எது வாங்கலாம் என்று கேட்டால் இப்போதெல்லாம் டர்போவைச் சொல்வதில்லை. அதே பிராசசர் போட்ட அந்தக் குறிப்பிட்ட மாடல், பத்து நிமிட முழுச் சுமைக்குப் பிறகு எத்தனை வாட்டில் நிற்கிறது என்று தேடிப் பார்க்கச் சொல்கிறேன். ஒரே ஐ7 மெல்லிய மாடலில் 12 வாட்டிலும், தடித்த மாடலில் 25 வாட்டிலும் நிற்கலாம், பெயர் அதேதான்.

தம்பிக்கு இரண்டு அமைப்புகள் செய்து கொடுத்திருக்கிறேன். சாதாரண நாளில் 15 வாட். வீடியோ மாற்றும்போது மட்டும் 20. லேப்டாப்பைப் படுக்கையில் வைத்து ஓட்டாதே, பின்பக்கத்தை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி வை என்றேன். அப்படித் தூக்கி வைத்ததில் மட்டும் 4 டிகிரி குறைந்தது.

மூடியின் உட்புறத்தில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறேன்: பேஸ்ட் போட்ட தேதி, 20 வாட், 2.75, 87 டிகிரி, 22:40. ஒரு மாதம் கழித்து அதே வீடியோவை ஓட்டியபோது 22:45, 88 டிகிரி. பேஸ்ட் தாங்குகிறது. ஃபேன் மட்டும் தொடங்கும்போது லேசாகக் கரகரக்கிறது, பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த அளவில் புது ஃபேன் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்ததும் ஹீட்சிங்கையும் சேர்த்துக் கழற்றி, பேஸ்டுக்குப் பதிலாக ஃபேஸ் சேஞ்ச் பேட் போட்டு மறுபடி அளக்கலாம் என்றிருக்கிறேன். சூட்டில் இளகிப் பரவி, வெளியே பிதுங்காமல் அங்கேயே நிற்கும் பொருள் அது. 25 வாட்டில் 95 என்று வந்தது அப்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.